சமையல்கட்டு இங்கிலீஷும் சிப்பிக்கடல் இங்கிலீஷும்

எங்கள் தோட்டத்தில் என்னைப் பெரிய படிப்பாளி என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்கள். என் மனைவிக்குக் கல்யாணமாகி மூன்று நாள் பிடித்தது.

கோலா கெத்திலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே சின்ன கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பேர் பதிகிற உத்தியோகம். சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு ஏழாம் வகுப்புவரை போய் வந்தவன். அந்த ஏழு வருடத்தை ஏழு தலைமுறைச் சொத்துபோல் சுமந்து திரிந்தேன். யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் எனக்குப் பல் கூசும். திருத்தாமல் விடமாட்டேன். கேட்டுத் திருத்தினால் உபகாரம். கேட்காமலே திருத்தினால் அது நான்.

என் பல்லை அதிகம் கூச வைத்தவர் பங்களா சமையல்காரர். ஐம்பதைத் தொட்ட மனிதர். மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தட்டு கழுவ ஆரம்பித்து, கப்பலேறி, எங்கள் துரை பங்களாவின் அடுப்புக்கு வந்து சேர்ந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். பேச்சென்றால் அவருக்கு உயிர். அதிலும் இங்கிலீஷ் பேச்சென்றால் இரண்டு உயிர். "மாஸ்டர் ஸ்லீப்பிங். ரெயின் கம்மிங். சிக்கன் டையிங், கறி மேக்கிங்" என்று மழைபோலக் கொட்டுவார். கள்ளுக்கடையில் நான் அவரைப்போலவே பேசிக் காட்டுவேன். கடையே சிரிக்கும். அவரும் மூலையில் இருந்தபடி சிரிப்பார்.

"கிராணி தம்பி நல்லாத்தான் பேசுது. கறிதான் வைக்கத் தெரியாது" என்பார்.

யுத்தம் வந்தது. துரை ஒரு மத்தியானம் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். கையில் தேநீர்த் தட்டோடு நின்ற அண்ணன், "மாஸ்டர் கோயிங், வென் கம்மிங்?" என்று கேட்டாராம். கார் கிளம்பிவிட்டது. பெரிய கிராணி அதற்கு மறுநாள் பினாங்குக்கு மறைந்தார். மிச்சமிருந்தது நானும் என் இலக்கணமும்.

சில மாதங்களில் ஜப்பான் துரை ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டாளத்துக்காரர் அல்ல, தோட்டத்தை நடத்த அனுப்பப்பட்டவர். நரைத்த தலை, கடல் காற்றில் பதப்பட்ட தோல். இங்கிலீஷ் தெரிந்தவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. தமிழைத் தவிர எதுவும் தெரியாத சனத்துக்கும் அவருக்கும் நடுவில் பாலமாக நிற்கப் போவது யார்? மலாய் பேசலாமே என்பீர்கள். அவருக்கு மலாய் தெரியாது. எங்களுக்கு அவர் மொழி கற்பிக்க உத்தரவு இருந்தது. அந்த வகுப்பில் நான் தேறியது அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிவதில் மட்டும்.

முதல் நாள் ஆபீஸ் வாசலில் அவர் என்னைப் பார்த்து, "யூ பெல்லா சாவி டாக் பிலோங் மீ?" என்றார்.

இங்கிலீஷ் போலவும் இருந்தது, இங்கிலீஷை யாரோ அடித்துப் போட்டது போலவும் இருந்தது. நான் நிமிர்ந்து நின்று, தாங்கள் கேட்டதைத் தயைகூர்ந்து மறுபடியும் சொல்லியருளினால் மிகவும் கடமைப்பட்டவனாவேன் என்னும் வாசகத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபடி ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைத் தட்டி, "பெலி பிலோங் மீ நோ காட் கைகை" என்றார். நான் அகராதிக்காக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற சமையல்கார அண்ணன் சொன்னார்: "பெல்லி எம்ப்டி ஹேவிங், மாஸ்டர்? டாப்பியோகா பாயிலிங். நௌ கம்மிங்."

துரையின் முகம் மலர்ந்தது. வயிறு காலி, மரவள்ளிக்கிழங்கு வேகிறது, இதோ வருகிறது. இரண்டு பேரும் பத்து வருடச் சிநேகிதர்கள்போலப் பேசிக்கொண்டே பங்களாவுக்கு நடந்தார்கள். பாலம் மட்டும் ஆற்றங்கரையில் தனியாக நின்றது.

அதற்கப்புறம் பெரட்டுக்களத்திலும் அண்ணன்தான். விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. துரை சொல்வதை அண்ணன் தமிழில் சொல்வார். ஆட்கள் சொல்வதைத் துரைக்குச் சொல்வார். நான் பேர்ப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்று பல் கூசுவேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சமையல்கட்டுக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, அந்த ஆள் பேசுறது உங்களுக்கு எப்படிப் புரியுது?"

"அவரும் என்ன மாதிரிதான் தம்பி. சின்ன வயசுல தெக்குக் கடல்ல சிப்பி எடுக்கப் போனாராம். படகுத் தலைவன் வெள்ளக்காரன், முங்குறவங்க ஊருக்கு ஒருத்தன், தீவுக்கு ஒருத்தன். வெள்ளக்காரன் கத்துறதக் கேட்டுக் கேட்டு எல்லாருமாச் சேந்து ஒரு இங்கிலீஷ் செஞ்சுக்கிட்டாங்க. நான் அடுப்படியில கத்துக்கிட்டேன், அவரு படகுல கத்துக்கிட்டாரு. நீங்க பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டீங்க. அதான் உங்களுக்குப் புரியல."

எனக்கு ரோஷம் வந்தது. இதையும் படித்துக் கரைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆபீசில் மழையளவு எழுதும் பழைய பதிவேடு ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரன் போனபின் மழையை யாரும் அளக்கவில்லை. அது பாட்டுக்குப் பெய்தது. பின்பக்கத் தாள்களில் மூன்று பத்தி கோடு போட்டேன். முதலாவது சமையல்கட்டு இங்கிலீஷ். இரண்டாவது சிப்பிக்கடல் இங்கிலீஷ். மூன்றாவதில் இரண்டையும் திருத்திய சுத்த இங்கிலீஷ். என் திட்டம் இதுதான்: ஒருவர் பேசுவதை முதலில் சுத்தமாக்கி, பிறகு மற்றவர் பேச்சுக்கு மாற்றுவது.

ஒரு வருடம் போலச் சேகரித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அது எனக்குப் பிடித்தும் போனது. அண்ணன் பேச்சில் எதுவும் முடிவதே இல்லை. செத்து, உரித்து, கறியாகித் தட்டில் இருக்கும் கோழியும் 'டையிங்'தான். துரை பேச்சில் எல்லாம் முடிந்துபோகும். கோழி 'டை பினிஷ்', சோறு 'கைகை பினிஷ்'. துரை பேச்சில் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்குச் சொந்தம்: கால் பிலோங் மேசை, வாய் பிலோங் ஆறு. அண்ணன் பேச்சில் எல்லாமே மாஸ்டருக்குச் சொந்தம். வராந்தாவில் ஒழுகும் மழைகூட 'மாஸ்டர்ஸ் ரெயின்'.

இரண்டிலும் இல்லாதவையும் இருந்தன. முதலாளி முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லும் ஒரு வாசகம் இரண்டு பத்தியிலும் கிடைக்கவில்லை. 'நன்றி'யும் கிடைக்கவில்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"தேங்க்யூவா? எனக்கு யாரு தம்பி அதச் சொன்னா, நான் கத்துக்கிறதுக்கு?" என்றார்.

என் மூன்று பத்தித் திட்டம் மட்டும் பலிக்கவில்லை. நான் சுத்தமாக்கி மாற்றிச் சொல்வதற்குள் அவர்கள் இருவரும் பேசி முடித்து, சிரித்தும் முடித்திருப்பார்கள். அண்ணன் ஒருமுறை பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பங்காளிங்க ரெண்டு பேரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு பேசிக்கிறோம். நீங்க ஏன் தம்பி எங்க ரெண்டு பேரையும் பெரிய வீட்டு வாசலுக்கு இழுத்துட்டுப் போறீங்க?"

கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகுதான் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். ரயில் பாதை போட. முதலில் போன தோட்டங்களிலிருந்து ஒரு கடுதாசிகூடத் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலை பெரட்டுக்களத்துக்குத் துரையோடு பட்டாளத்துக்காரர் ஒருவரும் வந்தார். துரை வரிசையைப் பார்த்து நடந்தார். அண்ணன் தமிழில் சொன்னார்: "தூர தேசம், கடுமையான வேல. ஒடம்பு முடியாதவங்க தள்ளி நில்லுங்கன்னு தொர சொல்றாரு. முடியாதுன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்கப்பா!"

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துரை எதைக் கேட்டாலும் 'எஸ் சார்'. கையெடுத்துக் கும்பிடுவதுபோல அது தானாக வரும். எத்தனையோ வருடமாக, கேள்வி காதில் விழுவதற்கு முன்பே பதில் வாயிலிருந்து விழுந்து பழகியிருந்தது. துரை ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "யூ பெல்லா ஸ்ட்ராங்?" என்றார். எஸ் தொர. எஸ் சார். எஸ் தொர. காலில் ஆறாத புண்ணைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு நின்ற ஒருவரும் எஸ் தொர என்றார்.

எனக்கு எரிச்சல். இத்தனை சொல்லியும் இப்படி ஒரு சனமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே துரை என் முன்னால் நின்றார். பேர் எழுதத் தெரிந்த ஒருவர் கூட்டத்தோடு போக வேண்டுமாம். "யூ பெல்லா கேன் கோ?"

"எஸ் சார்" என்றேன்.

சொல்லிய பிறகுதான் கேள்வி புரிந்தது. பட்டாளத்துக்காரர் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் லாரி வரும். என் மனைவிக்கு எட்டு மாதம்.

அவள் விஷயத்தைக் கேட்டாள். முறத்திலிருந்த கேழ்வரகை ஒருமுறை புடைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏழு வருஷம் படிச்சீங்களே, அதுல 'நோ'ங்கற வார்த்த எந்த வகுப்புல வரும்? எட்டாம் வகுப்புலயா?" அப்புறம் அழுதாள்.

மத்தியானம் அண்ணனைத் தேடிப் போனேன். அதற்குள் அவர் துரையிடம் பேசி, புண்ணுக்கால்காரரையும் இன்னும் இருவரையும் பட்டியலிலிருந்து எடுக்க வைத்திருந்தார். 'மவுத் எஸ் சேயிங், லெக் நோ சேயிங், மாஸ்டர்' என்றாராம்.

"எனக்கும் சொல்லுங்கண்ணே."

"சொல்லிப் பாத்துட்டேன். உங்களுக்குப் புண்ணு இல்லையே தம்பி. உங்கள ஏன் அனுப்புறாருன்னு தெரியுமா? நீங்க இங்க இருந்து அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. பேசுறதுக்கு நான் இருக்கேன்."

வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அது. ஆனால் பொய் இல்லை.

அவர் அடுப்பிலிருந்த கொள்ளியைத் தள்ளி வைத்தார். "நான் இல்லன்னா?"

"நீங்க எங்கண்ணே போறீங்க?"

"நான் எங்கயும் போகல. காது போகுது. போன வாரம் குளிர்காய்ச்சல் வந்துச்சில்ல? காய்ச்சல்ல காது போறது ஊரு உலகத்துல நடக்காததா? நாளக் காலையிலேருந்து எனக்குக் காது கேக்காது. உங்க வாயசைப்பு மட்டும் புரியும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க உங்க இங்கிலீஷ மறக்கணும். அந்த மூணாவது பத்தியக் கிழிச்சு அடுப்புல போடுங்க."

போட்டேன். நன்றாக எரிந்தது. எங்கள் தோட்டத்தில் சுத்த இங்கிலீஷால் விளைந்த முதல் பிரயோசனம்.

அன்று பொழுது சாயும்வரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு வாசகத்தைச் சரியாகச் சொன்னால் தலையில் குட்டுவார். தப்பாகச் சொன்னால், "அப்படித்தான் தம்பி!" என்பார்.

மறுநாள் பங்களா ரணகளம். துரை தேநீர் கேட்டார். அண்ணன் அவர் கால் சப்பாத்தைக் கொண்டுபோய் வைத்தார். துரை வெந்நீர் கேட்டார். அண்ணன் கோழியைப் பிடித்துக் காட்டினார். பெரட்டுக்களத்தில் துரை கத்தினார், அண்ணன் பணிவாகச் சிரித்தார், ஆட்கள் எல்லாரும் எஸ் தொர என்றார்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக்குள் லாரி வரும் வழியில் மரப்பாலம் உளுத்துச் சரிந்திருந்தது. அதை எப்படிச் சரிசெய்வது, எத்தனை ஆள் வேண்டும், ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று துரை கேட்டார்.

ஏழு வருடப் பள்ளிக்கூடம் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "பிரிட்ஜ் பிலோங் ரோடு பக்கரப் பினிஷ், சார். மேன் கோயிங், பிக் பெல்லா வுட் கட்டிங், பிரிட்ஜ் குட் பெல்லா மேக்கிங்."

பாலம் கெட்டுப்போச்சு, ஆள் போய்ப் பெரிய மரம் வெட்டி நல்லதாக்கும். பாதி படகு, பாதி அடுப்படி. துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னேன். அன்று முழுக்கக் கேட்டார், சொன்னேன். நான் ஒரு வார்த்தையையும் சுத்தமாக்கவில்லை. சாயங்காலம் அவர் பட்டியலை எடுத்து ஒரு பேரை அடித்தார்.

"யூ பெல்லா நோ கோ சயாம். யூ ஸ்டாப். டாக் பிலோங் மீ."

"எஸ் சார்" என்றேன். கேள்வியைக் கேட்டுவிட்டு நான் சொன்ன முதல் எஸ் சார் அதுதான்.

நாங்களே சரிசெய்த பாலத்தின் மேல்தான் லாரி வந்தது. அதில் ஏறியவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். பேர் எழுதும் வேலைக்குக் கரங்கான் பக்கத் தோட்டத்துக் கிராணி ஒருவரை ஏற்றினார்களாம். அவர் திரும்பினாரா என்று விசாரித்துப் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை. நான் எவ்வளவு வேடிக்கை பேசினாலும் அந்த இடத்தில் வாய் நின்றுவிடும்.

அண்ணன் அதன் பிறகு ஜப்பான்காரன் போகிறவரைக்கும் செவிடாகவே இருந்தார். உண்மை தெரிந்தது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும். பேச்சே உயிராக இருந்த மனிதர், சமையல்கட்டில் ஒரு பாத்திரம்போல உட்கார்ந்திருந்தார். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவர் முகத்துக்கு நேரே அவரைப் பற்றிக் கேலி பேசினார்கள். புரியாதவர்போல வெற்றிலை மென்றார். கள்ளுக்கடையில் ஒருவன் சோதிப்பதற்காக அவர் முதுகுக்குப் பின்னால், "பாம்பு! பாம்பு!" என்று கத்தினான். கடையே எழுந்து ஓடியது. நானும் ஓடினேன். அவர் மட்டும் கள்ளைக் குடித்து முடித்தார்.

என் மகள் பிறந்த காலையில் மருத்துவச்சி லயம் முழுக்கக் கேட்கும்படி கூவினாள். நான் சமையல்கட்டுக்கு ஓடிப்போய் நின்றபோது அண்ணன் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் சுமக்கும் ஆள் இருந்தான். நான் வாயை அகலமாகத் திறந்து, பொம்பளப் புள்ள என்று அசைத்துக் காட்டும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்து வழிந்தது. "புகை" என்றார்.

ஜப்பான் தோற்றது. துரை போகும் நாளில் தன் சின்னப் பெட்டியோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். துரை அந்த முதுகிடம் மெதுவாகச் சொன்னார்: "இயர் பிலோங் யூ நோ சிக். மீ சாவி. லாங் டைம் மீ சாவி."

உன் காதுக்கு ஒன்றுமில்லை. வெகு நாளாகவே எனக்குத் தெரியும். தட்டு கழுவும் கை நின்றது. படகில் வெள்ளைக்காரத் தலைவனிடம் தானும் இப்படி ஒரு வருடம் செவிடாக இருந்ததுண்டு என்று சொல்லி, சிரித்து, போய்விட்டார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என் பேரை அடித்ததும் அவர் கை. மற்றப் பேர்களை அடிக்காமல் விட்டதும் அதே கை.

அண்ணனுக்குக் காது திரும்பியது லயத்தில் பெரிய அதிசயமாகிவிட்டது. மாரியம்மன் செயல் என்று முடிவு செய்து, அவருக்காக ஏற்கனவே நேர்ந்துகொண்டவர்கள் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள். வேறு வழியில்லாமல் அவரும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் பேசினார். கோயிலில் பேசினார். பூசாரி மணியடிக்கும்போதும் பேசினார். "செவிடாவே இருந்திருக்கலாம்லா" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

திரும்பும்போது நான் அவரைத் தனியாக நிறுத்தி, "தேங்க்யூ அண்ணே" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்ல வார்த்தையாத்தான் இருக்கு. எந்தப் பத்தியில எழுதுவீங்க?" என்றார்.

முதல் பத்தியிலேயே எழுதினேன். அந்தப் பதிவேட்டைப் பிறகு கறையான் படித்து முடித்தது. என்னைவிட நல்ல வாசகர்.

என் மகள் நடை பழகியது அவர் சமையல்கட்டில்தான். அவள் பேசிய முதல் இங்கிலீஷ் "மில்க் கம்மிங்". பாலைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பல் கூசவில்லை. நான் திருத்தவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திருத்திக்கொள்ளட்டும்; அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.